கெல்லி கிளார்க்சனின் டிசம்பர்

‘சோபர்’ பாட்டை முதன்முறை கேட்டபோது, எப்போது வெடிக்கும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அமெரிக்கப் பாடகி கெல்லி கிளார்க்சனின் பாட்டு என்றால் என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. முதல் சரணம் கொஞ்சம் அடங்கி ஒலிக்கும். ஒரு நிமிடம் ஆவதற்குள் கோரஸ் வந்து மோதும், கிடார்கள் எல்லாம் ஒன்றாக எழும், அவர் குரல் அவற்றுக்கும் மேலே போய் நிற்கும். இந்தப் பாட்டில் அந்தக் கணக்கு பொய்த்துப்போனது. கோரஸ் வந்தது, போனது, குரல் தரையிலேயே நின்றது. ஐந்து நிமிடத்தை ஒட்டிய பாட்டு. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பாதியிலேயே அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

அது 2007. இந்தப் பாட்டு இருக்கும் ‘மை டிசம்பர்’ ஆல்பம் வெளிவந்த வருடம். சிடியைக் கொடுத்தவள் என் தோழி. “நாலாவது பாட்டுல மட்டும் கொஞ்சம் பொறுமையா இரு” என்று சொல்லித்தான் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து எப்படி இருந்தது என்று கேட்டாள். பழைய ஆல்பம் மாதிரி இல்லை என்றேன். “ஆமா, அதுக்குத்தான் குடுத்தேன்” என்றாள்.

பல வருடம் கழித்து எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயத்தை ஒருவர் மட்டும் எழுதினால் அது சரியாக வராது. பேச்சு நின்ற மூன்றாவது மாதத்தில் ஒரு இரவு, வேறு எதையோ தேடும்போது அந்த சிடி கையில் கிடைத்தது. நேரே நாலாவது பாட்டைப் போட்டேன்.

‘சோபர்’ என்றால் போதை தெளிந்த நிலை. பாட்டில் வரும் பெண் ஒரு கணக்குச் சொல்கிறாள்: மூன்று மாதம் ஆகிவிட்டது, நான் இன்னும் தெளிந்தேதான் இருக்கிறேன் என்று. முதல்முறை கேட்டபோது இந்த வரி என் காதில் ஏறியதாகவே நினைவில்லை. அன்றிரவு ஏறியது. குடியை விட்டவர்கள் மட்டும்தான் இப்படி நாள் எண்ணுவார்கள் என்றில்லை. எதையோ, யாரையோ விட்டுவிட்டு, திரும்பப் போய்விடுவோமோ என்ற பயத்தோடு ஒவ்வொரு மாதத்தையும் தாண்டுகிற எல்லோரும் எண்ணுகிறார்கள். களையைப் பிடுங்கிவிட்டேன், பூவை மட்டும் வைத்துக்கொண்டேன் என்று அந்தப் பெண் சொல்கிறாள். சொல்லும்போது வெற்றியடைந்த குரல் இல்லை அது. தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிற குரல். அப்புறம், பாட்டு முடியும் தறுவாயில், அவ்வளவு நேரம் கட்டி வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக உடைகிறது. டிரம்ஸும் கிடாரும் முழு பலத்தோடு இறங்க, குரல் கிழிகிற எல்லைக்குப் போகிறது. பொறுமையாக இருந்தவருக்கு மட்டும் கிடைக்கிற இடம் அது. நான் இழந்திருந்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தை எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கு இல்லை. இதைப் பற்றி யாராவது ‘தோல்வி ஆல்பம்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி வலிக்கும். எழுதிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். கெல்லி கிளார்க்சன் டெக்சாஸைச் சேர்ந்தவர். ஃபோர்ட் வொர்த்தில் 1982இல் பிறந்து, பக்கத்தில் பர்ல்சன் என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். 2002இல், தன் 20ஆவது வயதில், ‘அமெரிக்கன் ஐடல்’ என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் முதல் பருவத்தில் வென்றார். செப்டம்பர் 4 அன்று இறுதிச் சுற்று. வெற்றிப் பாட்டாக வெளிவந்த ‘எ மொமென்ட் லைக் திஸ்’ அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 52ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் முதலிடத்துக்குத் தாவியது. மறுவருடம் வந்த முதல் ஆல்பம் ‘தேங்க்ஃபுல்’ முதலிடம் பிடித்தது.

தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்தவர் என்ற பெயரோடு வாழ்வது எளிதல்ல. மக்கள் ஓட்டுப் போட்டு உருவாக்கிய பாடகி, அதனால் மக்களுக்கும் இசை நிறுவனத்துக்கும் கடன்பட்டவர் என்கிற எண்ணம் எல்லோரிடமும் இருக்கும். அவர் என்ன பாட வேண்டும் என்பதில் ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கும். 2004 கடைசியில் வந்த ‘பிரேக்அவே’ அந்தப் பெயரை ஓரளவு துடைத்தது. உலகம் முழுக்க 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம். 2006இல் அதற்கு 2 கிராமி விருதுகள் கிடைத்தன. ‘ஐடல்’ மேடையிலிருந்து வந்த ஒருவருக்குக் கிராமி கிடைத்தது அதுதான் முதல்முறை. ‘சின்ஸ் யூ பீன் கான்’ என்ற பாட்டை மேக்ஸ் மார்ட்டினும் டாக்டர் லூக்கும் எழுதினார்கள். பாப் பாட்டின் கட்டுக்கோப்பும் ராக் பாட்டின் கிடாரும் எப்படிச் சேர வேண்டும் என்பதற்கு அந்தத் தலைமுறைக்கே அது ஒரு பாடமாக அமைந்தது. இன்றைக்கும் அதன் கோரஸ் தொடங்கும் இடத்தில் என்னால் சும்மா உட்கார முடியாது.

ஆனால் அதே ஆல்பத்தில் வேறொரு பாட்டு இருக்கிறது, ‘பிகாஸ் ஆஃப் யூ’. ‘மை டிசம்பர்’ ஆல்பத்தின் விதை அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கெல்லிக்கு 6 வயதாக இருந்தபோது பெற்றோர் பிரிந்தார்கள். 16 வயதில் அதைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய பாட்டு அது. பிறகு பென் மூடி, டேவிட் ஹாட்ஜஸ் இருவரோடும் சேர்ந்து அதை முடித்தார். பெரியவர்களின் சண்டையைப் பார்த்து வளர்ந்த குழந்தை, யாரையும் நம்பாமல், அழக்கூடப் பயந்து வளர்வதைச் சொல்லும் பாட்டு. அது அமெரிக்காவில் முதல் 10 இடங்களுக்குள் வந்தது. பிறகு வேறு பல நாடுகளிலும் ஓடியது.

இந்தப் பாட்டைச் சுற்றி ஒரு பழைய சச்சரவு உண்டு. கெல்லியின் பாட்டுகளை வெளியிட்ட ஆர்சிஏ என்ற இசை நிறுவனம் அன்று பிஎம்ஜி குழுமத்தின் கீழ் இருந்தது. அந்தக் குழுமத்தின் அமெரிக்கத் தலைமையில் அன்று இருந்தவர் கிளைவ் டேவிஸ், விட்னி ஹூஸ்டனை வளர்த்தெடுத்த பெரிய மனிதர். 2013இல் அவர் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். ‘சின்ஸ் யூ பீன் கான்’ பாட்டை ஆல்பத்தில் சேர்த்தபோது கெல்லி அழுதார் என்று அதில் எழுதியிருந்தார். கெல்லி உடனே மறுத்து எழுதினார். ஒருமுறை அவர் அறையில் நான் அழுதது உண்மை, ஆனால் அது ‘பிகாஸ் ஆஃப் யூ’ பாட்டைப் போட்டுக் காட்டியபோது, அவருக்குப் பிடிக்கவில்லை, நான் மோசமாக எழுதுகிறவள் என்று சொன்னார் என்றார். டேவிஸ் தன் புத்தகத்தில் எழுதியதில் உறுதியாக நின்றார். அந்த அறையில் நடந்தது அவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. 2013இல், அத்தனை வெற்றிகளுக்குப் பிறகும், ஒரு பெண் திரும்பத் திரும்ப நிறுவ வேண்டியிருந்த விஷயம் ‘நான் எழுதுவேன்’ என்பதுதான். குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அந்தக் குரலுக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்றால் உடனே சந்தேகம் வந்துவிடும்.

‘மை டிசம்பர்’ அந்தச் சந்தேகத்துக்கு நேரே நின்று பாடிய ஆல்பம். 13 பாட்டுகள். எல்லாவற்றிலும் எழுதியவர் வரிசையில் கெல்லியின் பெயர் இருக்கிறது. கூட எழுதியவர்களில் முக்கியமானவர்கள் பெரிய ஹிட் எழுத்தாளர்கள் அல்ல, அவரோடு ஊர் ஊராகப் பயணம் செய்த இசைக்குழுவின் ஆட்கள்: கிடார் வாசிக்கும் ஏபன் யூபாங்க்ஸ், கீபோர்டு வாசிக்கும் ஜேசன் ஹால்பர்ட், அவர்களோடு ஜிம்மி மெசர். ‘பிரேக்அவே’ பெற்ற வெற்றி அவரை நீண்ட பயணத்தில் தள்ளியிருந்தது. பஸ், ஹோட்டல், மேடை, மறுபடி பஸ். பக்கத்தில் இருந்தவர்களோடு, களைத்துப்போன நிலையில் எழுதிய பாட்டுகள் இவை. அந்தக் களைப்பு பாட்டுகளில் கேட்கும்.

தயாரிப்பாளர் டேவிட் கான். இதே 2007 ஜூனில் வெளிவந்த பால் மெக்கார்ட்னியின் ஆல்பத்தையும் தயாரித்தவர் அவர்தான். பேஸ் கிடாருக்கு மைக் வாட் வந்தார். ‘மினிட்மென்’ என்ற கலிஃபோர்னிய பங்க் குழுவை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் ஆச்சரியமாக இருந்திருக்கும். 1980களில் சின்னச் சின்ன அரங்குகளில், எந்தப் பெரிய கம்பெனியின் துணையும் இல்லாமல் தன் வழியில் வாசித்த மனிதர், ‘அமெரிக்கன் ஐடல்’ வெற்றியாளரின் ஆல்பத்தில். எனக்கு இந்தச் சேர்க்கை மிகவும் பிடிக்கும். அவர் வாசித்த இடங்களில் பாட்டின் அடித்தளம் சொரசொரப்பாக இருக்கிறது, மெருகு போடாத மரம் மாதிரி.

ஆல்பம் வெளிவரும் முன்பே மோதல் தொடங்கிவிட்டது. நிறுவனம் வானொலிக்கு ஏற்ற பாட்டுகளை எதிர்பார்த்தது, கெல்லி மாற்ற மறுத்தார் என்ற செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளில் தொடர்ந்து வந்தது. 2007 ஜூனில் மேனேஜரை மாற்றினார். அதே மாதம், பெரிய அரங்குகளில் திட்டமிட்டிருந்த கோடைகாலப் பயணம் டிக்கெட் விற்பனை போதாமல் ரத்தானது. ஜூன் 26 அன்று ஆல்பம் அமெரிக்காவில் கடைக்கு வந்தபோது, பாட்டுகளைக் கேட்காதவர்களுக்குக்கூட இந்தச் சண்டை தெரிந்திருந்தது. ஒரு ஆல்பத்துக்கு இதைவிட மோசமான அறிமுகம் இருக்க முடியாது. அதன் ஒவ்வொரு பாட்டையும் ‘நிறுவனம் சொன்னது சரியா, பாடகி சொன்னது சரியா’ என்ற தராசில் வைத்துத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

முதல் வாரத்தில் 2,91,000 பிரதிகள் விற்று இரண்டாம் இடம். முதலிடத்தில், 3,26,000 பிரதிகளோடு, ‘ஹன்னா மொன்டானா’ என்ற சிறுவர் தொலைக்காட்சித் தொடரின் பாட்டுகளும் அதில் நடித்த மைலி சைரஸின் பாட்டுகளும் சேர்ந்த ஆல்பம். மைலிக்கு அப்போது 14 வயது. பின்னாளில் மைலியும் தொலைக்காட்சி கொடுத்த முகத்தைக் கழற்றிவைத்துவிட்டுத் தன் வாழ்க்கையைப் பாட வேண்டி வந்தது என்பதை நினைத்தால் அந்த வாரப் பட்டியல் விசித்திரமாகத் தோன்றுகிறது. 2,91,000 இன்றைய நிலையில் பெரிய எண். பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழும் அமெரிக்காவில் அதற்குக் கிடைத்தது. அப்படியிருந்தும் அன்று அதை வீழ்ச்சி என்றுதான் எழுதினார்கள், ‘பிரேக்அவே’ விற்றதோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்.

சரி, பாட்டுகளுக்கு வருகிறேன்.

முதல் பாட்டு ‘நெவர் அகெய்ன்’. இது ஒன்றுதான் பெரிதாக ஓடியது, பில்போர்டில் 8ஆம் இடம் வரை. விட்டுப்போன ஒருவனைப் பற்றிய பாட்டு. ‘சின்ஸ் யூ பீன் கான்’ பாட்டும் அதைப் பற்றித்தானே என்று கேட்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பழைய பாட்டில் அவள் வெளியே வந்துவிட்டாள். நீ போனபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது என்று தெருவில் குதிக்கிறாள். கேட்பவரும் அவளோடு குதிக்கலாம். ‘நெவர் அகெய்ன்’ பாட்டில் அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். அவன் அடுத்தவளுக்குப் போட்ட மோதிரம் அவள் விரலில் பச்சைப் பூக்க வேண்டும் என்று சபிக்கிறாள். எவ்வளவு சின்னத்தனமான சாபம்! எவ்வளவு உண்மையான சாபம்! காயம்பட்டவர்கள் நள்ளிரவில் உயர்ந்த விஷயங்களை நினைப்பதில்லை. மோதிரம் போலித் தங்கமாக இருக்கட்டும் என்றுதான் நினைப்பார்கள். அந்தச் சின்னத்தனத்தைத் தன் வாயால், தன் பெயர் போட்ட பாட்டில் சொல்லத் துணிந்ததை நான் முதிர்ச்சி என்று எண்ணுகிறேன்.

முதிர்ந்த ஆல்பம் என்றால் வேகம் குறைய வேண்டும், பியானோ வர வேண்டும், பாடுகிறவர் எல்லாரையும் மன்னித்துவிட்ட தொனியில் பாட வேண்டும் என்று ஒரு எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ‘மை டிசம்பர்’ கேட்கக் கேட்க எனக்கு அந்த எண்ணம் கரைந்தது. இது கெல்லியின் ஆல்பங்களிலேயே அதிகம் கோபப்படுகிறது, அதிகம் சத்தம் போடுகிறது. அவர் வளர்ந்திருப்பது வேறு இடத்தில் தெரிகிறது. பழைய பாட்டுகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டுத்தான் தொடங்கும்: நான் தப்பித்தேன், நான் கற்றுக்கொண்டேன். இந்தப் பாட்டுகளில் ஆறிவிட்டது என்ற பொய் இல்லை. ஆறாத நேரத்தில், ஆறுமா என்று தெரியாத நேரத்தில் பாடியிருக்கிறார். அப்படியே பதிவு செய்து வெளியே விட்டிருக்கிறார். ஆறுதல் தருகிற பாட்டுகள் நிறைய இருக்கின்றன. கூட உட்கார்கிற பாட்டுகள் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை கோபத்திலும் பாட்டுகளில் யாருடைய பெயரும் இல்லை. அகப்பாட்டில் தலைவன் பெயரையோ தலைவி பெயரையோ சுட்டக்கூடாது என்று நம் மரபில் ஒரு விதி உண்டு. பெயர் சொன்னால் அது அவர்கள் கதை, சொல்லாவிட்டால் கேட்கிற எல்லோருடைய கதை. இந்த ஆல்பத்தில் ஆள் பெயராக வருவது ஒன்றே ஒன்று, ‘ஜூடஸ்’ என்ற பாட்டின் தலைப்பு. அதுகூட விவிலியத்தில் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த யூதாஸ். அந்தப் பெயர் இல்லாத ஊர் ஏது? அன்று பத்திரிகைகள் யார் அந்த ஆள் என்று துருவிக்கொண்டிருந்தன. பாட்டுக்கு அது தேவைப்படவில்லை.

‘ஹோல்’ என்ற பாட்டு தனக்குள் இருக்கும் வெறுமையைப் பற்றியது, கிடார்கள் முட்டிமோதுகின்றன. ‘ஹான்டட்’ ஆல்பத்தின் மிக இருண்ட இடம். இல்லாமல் போன ஒருவர் எங்கும் நிறைந்திருப்பதைச் சொல்லும் பாட்டு, பின்னணி இசையில் ஒரு பாழடைந்த வீட்டின் எதிரொலி. அதையடுத்து வரும் ‘பீ ஸ்டில்’ மிக மெல்லியது. புயல் தாண்டி வந்தவருக்கு யாரோ தண்ணீர் கொடுப்பது போல இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் யாரோ, அவருக்கு நன்றி.

‘மேபி’ பாட்டைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை, எனக்கு அது மிக நெருக்கமானது. நான் பலமானவள், ஆனால் உடைவேன், பிடிவாதக்காரி, தவறு நிறையச் செய்கிறவள் என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறார். ஒருநாள் நான் இதற்குத் தயாராக இருக்கலாம், அப்போது நீ இருந்தால் பார்க்கலாம் என்கிறார். மன்னிப்புக் கேட்கும் பாட்டு என்று சொல்ல முடியாது. வாக்குறுதியும் தருவதில்லை. ‘ஒருவேளை’ என்ற ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. மெதுவாகத் தொடங்கி, பிறகு கிடார்கள் சேர்ந்து பெரிதாகிறது. என் தோழிக்கு எழுத நினைத்து எழுதாமல் விட்ட கடிதங்களில் இருந்திருக்க வேண்டிய தொனி இதுதான். நான் எழுதிய வரைவுகள் எல்லாம் ஒன்று முழுக்க மன்னிப்பாக இருந்தன, இல்லாவிட்டால் முழுக்கக் குற்றச்சாட்டாக இருந்தன. ‘ஒருவேளை’ என்று எழுத எனக்கு வரவில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்துப் புகழ்ந்தால் ஆல்பத்துக்கு நான் செய்கிற மரியாதை ஆகாது. ‘டோன்ட் வேஸ்ட் யுவர் டைம்’, ‘ஹவ் ஐ ஃபீல்’ இரண்டும் பக்கத்துப் பாட்டுகள் ஏற்கனவே சொன்னதை மறுபடி சொல்கின்றன. ஒரு பாட்டு குறைந்திருந்தால், இல்லை, இரண்டு குறைந்திருந்தால், நடுப்பகுதி இன்னும் இறுக்கமாக வந்திருக்கும். ஒலிப்பதிவிலும் பல இடங்களில் எல்லா வாத்தியமும் ஒரே உயரத்தில் முண்டியடிக்கின்றன. தொடர்ந்து கேட்டால் காது சோர்ந்துவிடுகிறது. ‘யா’ என்ற துள்ளல் பாட்டு நல்ல பாட்டுதான், ஆனால் அது வேறு ஆல்பத்திலிருந்து வழிதவறி வந்ததுபோல இருக்கும். ‘நெவர் அகெய்ன்’ பாட்டுக்குப் பிறகு வானொலியில் தூக்கிப்பிடிக்க இதில் எளிதான பாட்டு இல்லை என்று நிறுவனத்தில் இருந்தவர்கள் நினைத்திருந்தால், விற்பனை என்ற அளவில் அவர்கள் நினைத்தது பலித்தது. ‘சோபர்’ வானொலியில் எடுபடவில்லை. காத்திருந்து கேட்க வேண்டிய பாட்டை, பாதியிலேயே பொத்தானை அழுத்திவிடுகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள்? அழுத்தியவர்களில் நானும் ஒருவன். அதனால் யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

ரத்தான பயணத்துக்குப் பதிலாக, அந்த வருட இலையுதிர் காலத்தில் சிறிய அரங்குகளில் பாடப் போனார். யாருக்கும் அதைத் தோல்வியாகப் பார்க்கத் தோன்றும். இந்தப் பாட்டுகளுக்குப் பொருத்தமான இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. ‘பீ ஸ்டில்’ போன்ற பாட்டை இருபதாயிரம் பேர் உட்காரும் விளையாட்டு அரங்கில் எப்படிக் கேட்பது?

அடுத்து 2009இல், நிறுவனம் விரும்பிய பாதைக்கே திரும்பினார். மேக்ஸ் மார்ட்டின், டாக்டர் லூக் கூட்டணியோடு ‘மை லைஃப் வுட் சக் விதவுட் யூ’ வந்தது. 97ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவி, அப்போது ஒரு சாதனையாக நின்றது. அதைத் தோற்றுப்போய்த் திரும்பியதாகச் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வீட்டைவிட்டுப் போய்த் தனியாக நிற்க முடியும் என்று ஒருமுறை காட்டிவிட்டவர் திரும்பி வருவதும், ஒருபோதும் போகாதவர் அங்கேயே இருப்பதும் ஒன்றாகாது. 2015இல் ‘பீஸ் பை பீஸ்’ என்ற பாட்டில், விட்டுப்போன அப்பாவைப் பற்றிய பேச்சை மறுபடி எடுத்தார். மறுவருடம் ‘அமெரிக்கன் ஐடல்’ மேடைக்கே திரும்பி வந்து, இரண்டாவது குழந்தையைச் சுமந்தபடி அதைப் பாடினார். பாதியில் அழுகை முட்டி வார்த்தை நின்றது. தன்னை உருவாக்கிய மேடையில், தான் எழுதிய வரியை, பாட முடியாமல் நின்றார். 16 வயதில் தொடங்கிய பாட்டு அங்கே வந்து சேர்ந்தது போல இருந்தது எனக்கு.

2020இல் விவாகரத்துக்கு மனுப்போட்டார். 2022 மார்ச்சில் அது முடிந்தது. 2023 ஜூனில் ‘கெமிஸ்ட்ரி’ வந்தது. அந்த முறிவைப் பற்றிய ஆல்பம், ஆனால் முறிவு மட்டும் இல்லை. காதல் நன்றாக இருந்த நாட்களும் அதில் இருக்கின்றன. ஒரு பாட்டில் நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கிறார், கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். விமர்சகர்கள் பலருக்கும் எளிதில் பிடிக்கக்கூடிய முதிர்ச்சி அதில் இருக்கிறது: நிதானம், இரண்டு பக்கமும் பார்க்கும் கண், குரலில் ஓர் இலகு. நானும் ரசித்தேன். ஆனால் அதைக் கேட்டு முடித்த அன்றே கை தானாக ‘மை டிசம்பர்’ பக்கம் போனது. 41 வயதில் அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னதைவிட, 25 வயதில் நடுவில் நின்றுகொண்டு சொன்னது என்னை அதிகம் தொடுகிறது. இது என் வாழ்க்கையின் நிலவரமாகவும் இருக்கலாம்.

கடைசிப் பாட்டு ‘அர்வைன்’. கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு நகரத்தின் பெயர். பயணத்தில் உடைந்துபோயிருந்த நேரத்தில் பிறந்த பாட்டு. வாத்தியம் மிகக் குறைவு. தரையில் படுத்துக்கொண்டு, நீ இருக்கிறாயா, என்னைப் பார்க்கிறாயா என்று கேட்கிறார். யாரிடம் கேட்கிறார் என்று சொல்வதில்லை. எனக்கு அது பிரார்த்தனையாகத்தான் கேட்கிறது. உலகத்தின் பலமான குரல்களில் ஒன்றை வைத்திருக்கிறவர் இந்தப் பாட்டில் அந்த பலத்தைத் தொடவே இல்லை. முணுமுணுப்புக்குக் கொஞ்சம் மேலே, மூச்சு கலந்த குரல். போட்டியில் இப்படிப் பாடியிருந்தால் நடுவர்கள் இன்னும் சத்தமாகப் பாடச் சொல்லியிருப்பார்கள். ஆல்பம் முழுக்கக் கத்திக் கேட்ட கேள்விகளை இங்கே மெல்லக் கேட்கிறார். பதில் வருவதில்லை. பாட்டு அடங்குகிறது.

அன்றிரவு, அந்த மூன்றாவது மாதத்து இரவில், ‘அர்வைன்’ முடிந்தபிறகு எழுந்து போய் நிறுத்த எனக்குத் தெம்பு இல்லை. சிடி சுழன்றுகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு திடீரென்று அறைக்குள் ஒரு கிடார் ஒலித்தது. உறையில் பெயர் போடாத இன்னொரு பாட்டு. பிறகு தேடித் தெரிந்துகொண்டேன், பெயர் ‘சிவாஸ்’, ஒரு விஸ்கியின் பெயர். தெளிந்திருக்கிறேன் என்று மாதக் கணக்குச் சொன்ன அதே ஆல்பத்தின் ஒளிவிடத்தில் இது உட்கார்ந்திருக்கிறது. பழைய காதலனை வம்புக்கிழுக்கும் பாட்டு, பாடும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. இருட்டில் உட்கார்ந்து நானும் சிரித்துவிட்டேன், பல வாரங்களுக்குப் பிறகு.

நாலாவது பாட்டில் பொறுமையாக இரு என்று சொன்னவள், கடைசியில் இப்படி ஒன்று இருப்பதைச் சொல்லவே இல்லை. அவளுக்கு அது தெரியாமலே இருந்திருக்குமோ, இல்லை நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்தாளோ. அவளிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.